ஏலக்காய் ஸ்டோரில் தொண்ணூற்றொன்பது டிகிரி

அந்த ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கும் நாலரை மணிக்கும் நடுவே நான் பதினோரு கிலோ இளைத்தேன். பிலோமி இரண்டு கிலோ என்கிறாள். அவள் என் மனைவி. எதையும் குறைத்தே சொல்லிப் பழகியவள்.

எங்கள் மகள் டின்சி நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்டு முடிவதற்குள் ஆங்கிலத் தேர்வில் ஏழு வாங்கிக் காட்ட வேண்டும். ஆறரைக்கெல்லாம் அயர்லாந்து கதவு திறக்காது.

முதல் முறை கொச்சிக்குப் போய்த் தேர்வு எழுதக் கிளம்பினாள். வழியில் பாதி மலை இறங்கி வந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டது. பஸ் திரும்பியது, அவளும் திரும்பினாள். இரண்டாவது முறை வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் எழுதினாள். இந்த வகைத் தேர்வில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மைக் வழியாகக் கேட்டுக்கொண்டும் இருப்பார். அறையில் வேறு ஆள் தெரிந்தாலோ வேறு சத்தம் கேட்டாலோ திரையில் மஞ்சள் பட்டை வரும். மூன்றாவது பட்டையோடு தேர்வு ரத்து. நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தாலும் ரத்து.

எங்கள் ஊர் சக்குபள்ளத்து மழை தகரக் கூரையில் விழுவதை நீங்கள் கேட்டதில்லை என்றால், ஆயிரம் பேர் சேர்ந்து ஆயிரம் மூட்டைப் பட்டாணியை உங்கள் தலைமேல் கொட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கூரை தகரம். போதாததற்குக் கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன பேன் மாவு மில் மாதிரி இரையும். அரை மணி நேரத்தில் மூன்று பட்டையும் வந்து திரை வெள்ளையானது. டின்சி அழவில்லை. அடுக்களைக்குப் போய் ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயமே தேவைப்படவில்லை.

மூன்றாவது முறைக்குக் கிடைத்த தேதிதான் அந்த வியாழக்கிழமை. அதுதான் கடைசித் தேதி.

மழைச் சத்தத்துக்கு நான் வழி கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. பச்சைக்காயை உலர்த்தும் அறை. எஸ்டேட் ஸ்டோரில் முப்பத்தெட்டு வருடம் காய் உலர்த்தி ஓய்வு பெற்றவன் வேறு எதைக் கட்டுவான்? சுவர் முக்கால் முழம் கனம். கூரை காங்கிரீட். கதவு இரண்டடுக்கு மரம். உள்ளே நின்றால் வெளியே உலகம் அழிந்தாலும் தெரியாது. பக்கவாட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கும். வெப்பமானியை வெளியில் இருந்தே பார்ப்பதற்கு.

பேன் சத்தத்துக்குக் குமுளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரிஞ்சுவைக் கூட்டிவந்தேன்.

"அங்கிளே, சத்தமும் வேண்டாம் சூடும் வேண்டாம்னா எப்படி? பேன் மெதுவா சுத்துனா சத்தம் இருக்காது, ஆனா பிராசஸர் வேகும். வேகமா சுத்துனா பிராசஸர் குளிரும், உங்க மக பரீட்சை வேகும். எது வேணும்?"

"ரெண்டும் வேணும்."

"கல்யாணத் தரகர்கிட்ட பேசுற மாதிரியே பேசுதீங்க" என்றான். இருந்தாலும் கெட்டிக்காரன். சின்ன பேனைக் கழற்றி வீசிவிட்டு, அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஒரு பெரிய கோபுரத்தைப் பிராசஸரின் தலையில் உட்கார வைத்தான். அதன் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பேன். பெரிய பேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளிவிடுமாம். கோபுரத்தின் உச்சியில் பச்சை வெளிச்சத்தில் ஒரு எண் எரிந்தது.

"அதுதான் பிராசஸரோட சூடு. எண்பது வரைக்கும் பயமில்ல. தொண்ணூறு தாண்டினா என்னைக் கூப்பிடுங்க. நூறு தொட்டா யாரையும் கூப்பிட வேண்டாம், அதுவே அணைஞ்சிரும்."

"பேன் ஓடுதா இல்லையான்னு மைக்குக்குத் தெரியக் கூடாது. எழுநூறு சுத்துக்கு மேல போகாம பூட்டிரு."

"பூட்டுறேன். ஆனா எந்த ரூம்ல வைப்பீங்களோ அந்த ரூம்லயே ரெண்டு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. முன்னறைல பாத்துட்டு வேற ரூமுக்குக் கொண்டு போகாதீங்க, கேட்டீங்களா?"

கேட்டேன். ஆனால் காய் எடுப்புக் காலம், ஸ்டோர் நிறையக் காய். புதன்கிழமை இரவுதான் அடுப்பை அணைத்துத் தட்டுகளை வெளியே எடுக்க முடிந்தது. அதனால் சன்னலைத் திறந்துபோட்டு முன்னறையிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். வெளியே பத்தொன்பது டிகிரி. பச்சை எண் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. காதை வைத்துப் பார்த்தால் பூனை தூங்குகிற சத்தம்கூட இல்லை. உலகத்திலேயே அமைதியான கம்ப்யூட்டர் சக்குபள்ளத்தில் இருக்கிறது என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் காலை ஸ்டோரைத் திறந்தபோது சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அதில் சந்தோஷம். மலையில் இருப்பவனுக்குச் சூடு எதிரியே அல்ல, ஈரம்தான் எதிரி. ஆடி, ஆவணியில் எங்கள் ஊரில் செருப்பில் பூஞ்சை பூக்கும், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பச்சைத் தாடி முளைக்கும். சர்ட்டிபிகேட், ரேடியோ, பைபிள் எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒரு நாள் வைத்து எடுப்பதுதான் வழக்கம். கம்ப்யூட்டரும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

"அப்பா, உள்ள சுடுது" என்றாள் டின்சி.

"சுடட்டும். பூஞ்சை பிடிக்காது."

"யாருக்கு, எனக்கா கம்ப்யூட்டருக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

மேசையைப் போட்டு, இன்டர்நெட் வயரைக் கதவடியில் இழுத்து, பச்சை எண் கண்ணாடிக்கு நேராகத் தெரியும்படி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தேன். டின்சி கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தும்போது என் கை இன்னொரு வேலையும் செய்தது. அது அப்போது எனக்கே தெரியாது.

கண்காணிப்பாளர் முதலில் அறை முழுவதையும் காட்டச் சொன்னார் போலிருக்கிறது. அவள் கேமராவைத் தூக்கிச் சுற்றினாள். நான் கண்ணாடியில் இருந்து கீழே விழுந்து மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டேன். எழுந்தபோது தேர்வு ஆரம்பித்திருந்தது. பச்சை எண் அறுபத்தாறு.

அறுபத்தாறா? முன்னறையில் ஐம்பத்தெட்டுதானே என்று ஒரு சின்ன எறும்பு நெஞ்சில் ஊர்ந்தது. தட்டிவிட்டேன்.

முதல் மஞ்சள் பட்டை பத்தாவது நிமிடத்தில் வந்தது. காரணம் மாதா. கதவடியில் உட்கார்ந்து பிலோமி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். வயருக்காக விட்ட இடுக்கு வழியாக 'அருள் நிறைந்த மரியே' உள்ளே போய்விட்டது. நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் நான் செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான்.

"மனசுக்குள்ள சொல்லு" என்றேன் காதருகில்.

"மனசுக்குள்ள சொன்னா அம்பத்து மூணு மணிக்கும் கணக்கு தப்பிருமே."

"மாதா திருத்திக்கிடுவா."

அவள் என்னை முறைத்துவிட்டுச் சாக்கை மடித்து இடுக்கை அடைத்தாள். நல்ல வேலைதான். ஆனால் உள்ளே காற்று வருவதற்கு இருந்த கடைசி இடுக்கும் அதுதான்.

இரண்டு மணிக்கு எழுபத்து நான்கு. இரண்டரைக்கு எண்பத்தொன்று. பெரிய பேன் எழுநூறு சுற்றில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நடக்கும் ஆள் மாதிரி, அலுத்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வேகப்படுத்த வேண்டுமென்றால் உள்ளே போய்த் தேர்வை நிறுத்தி, ரிஞ்சு போட்ட பூட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே போனால் வேறு ஆள். வேறு ஆள் என்றால் ரத்து. சுவரில் தொங்கிய என் பழைய வெப்பமானி நாற்பதைக் காட்டியது. டின்சி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். ஏலக்காய் என்றால் இந்நேரம் கொஞ்சம் நிறம் பிடித்திருக்கும்.

எண்பத்தெட்டு.

மிளகுக் கொடி படர்ந்த முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மழையில் நின்றுகொண்டு ரிஞ்சுவைக் கூப்பிட்டேன்.

"எண்பத்தெட்டு."

"முன்னறைல ஐம்பத்தெட்டுன்னீங்களே."

"இது ஸ்டோர்."

அவன் கடையில் யாரோ பிரின்டர் மை கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான். "அங்கிளே, பேன் காத்தைத் தள்ளத்தான் செய்யும். குளிர்ந்த காத்தை அது உண்டாக்காது. அடைச்ச ரூம்னா அதே சூட்டுக் காத்தைத்தான் திரும்பத் திரும்பக் குடிக்கும். ரூம்ல காத்து எந்த வழியா வெளிய போகுது?"

"கூரைல ஒரு துளை இருக்கு. மரமூடி. காலைலயே தொறந்து வச்சிட்டேன்."

"அப்ப இவ்வளவு ஏறக் கூடாதே."

போனை வைத்துவிட்டு ஸ்டோரைப் பார்த்தேன். கூரை மூடியைத் தூக்கும் கயிறு கப்பி வழியாக வெளிச்சுவரில் இறங்கும். மூடி திறந்திருந்தால் கயிறு ஆணியில் இறுக்கமாகக் கட்டியிருக்கும். ஆணியில் ஒன்றும் இல்லை. கயிறு செத்த பாம்பாகச் சுவரில் தொங்கியது. ஒரு மணி நேரமாக அந்தக் கயிற்றில்தான் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவிழ்த்தது யார்? நான்தான். முப்பத்தெட்டு வருடமாகக் கதவைச் சாத்தியதும் வலது கை தானாகப் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்து மூடியை இறக்கிவிடும். முதல் இரண்டு மணி நேரம் வெக்கை துளிகூட வெளியே போகக் கூடாது, போனால் காயின் பச்சை போய்விடும். எஸ்டேட்டில் என்னைப் போல இறுக்கமாக மூடுகிறவன் கிடையாது என்று பெயர். அந்தப் பெயர் வாங்கிய கையால் என் மகளை உள்ளே வைத்து உலர்த்திக்கொண்டிருந்தேன்.

மழை என் மேல் பெய்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு வியர்த்தது.

கண்ணாடியில் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கப்பி போட்ட கீச்சு மலைக்குக் கீழே கம்பம் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். அப்படியே கையை விட்டேன், மூடி தொப்பென்று விழுந்தது. கண்ணாடிக்குள் டின்சி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் மஞ்சள் வெளிச்சம். இரண்டாவது பட்டை.

இனி ஒன்றுதான் மிச்சம்.

"என்ன ஆச்சு?" என்று பிலோமி வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

அவளைக் கோழிக்கூட்டுப் பக்கம் இழுத்துப் போய்ச் சொன்னேன். கயிற்றைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது.

"கப்பி வேண்டாம். மேல ஏறிக் கையால தூக்குங்க" என்றாள்.

"மூடியைத் தூக்கினா மழைச் சத்தம் உள்ள போகும். மழைத் துளியும் போகும்."

அவள் வீட்டுக்குள் போய் எங்கள் கட்டில் கம்பளியை எடுத்துவந்தாள். அவள் அம்மா கொடுத்தது, என்னைக்கூட முழுசாகப் போர்த்திக்கொள்ள விடமாட்டாள். "இத வச்சுக் கூடாரமா பிடிங்க. கம்பளில விழுந்தா மழை பேசாது. கீழ்த் துளைய நான் பாத்துக்கிடுதேன்."

கீழே தரையோடு ஒட்டி இன்னொரு துளை உண்டு, சாக்கு வைத்து அடைத்திருப்போம். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே வெக்கை வெளியேற வேண்டும். ஒன்று மட்டும் திறந்தால் காற்று நகராது. ஸ்டோருக்குள்ளேயே கால் வைக்காத பிலோமிக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை.

"மேல இருந்தா எனக்கு நம்பர் தெரியாதே."

"நான் பாத்து விரலால காட்டுதேன். முதல்ல ஒரு தடவை, பிறகு ஒரு தடவை."

அறுபத்தாறு வயதில் ஏணியில் கம்பளியோடு ஏறினேன். கூரை பாசி பிடித்து மீன் முதுகாக வழுக்கியது. தவழ்ந்து போய்த் துளையின் மேல் குனிந்து, முதுகில் கம்பளியைப் போர்த்தி, நானே கூடாரக் கம்பானேன். மூடியை ஒரு நூல் தூக்கினேன். இரண்டு நூல். சாமி சுரூபத்தை இறக்குகிறவன்கூட அவ்வளவு மெதுவாக இறக்கியிருக்க மாட்டான். ஒரு சாண் திறந்ததும் என் முகத்தில் ஏலக்காய் மணத்தோடு வெக்கை அடித்தது. மூக்கில் ஏறிய மணத்துக்குத் தும்மல் வந்தது. தும்மலை விழுங்கினேன். தும்மலை விழுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? காது வழியாக வெளியேறப் பார்க்கும்.

தலையை மட்டும் கம்பளிக்கு வெளியே நீட்டிக் கீழே பார்த்தேன். பிலோமி ஈரச்சாக்கைக் கீழ்த் துளையில் தொங்கவிட்டு, கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தபடி கையைத் தூக்கினாள். ஒன்பது விரல். பிறகு ஏழு.

கீழே டின்சியின் குரல் மெல்லக் கேட்டது. பேச்சுத் தேர்வு ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா நோயாளியாக நடிக்கிறார், டின்சி நர்ஸாக அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். முகமும் குரலும் ஒன்றாக ஓடும் நேரம். பிராசஸருக்குப் பளு கூடும் நேரமும் இதுதான்.

ஒன்பது விரல். எட்டு.

என் கை மரத்துப்போனது. மழைத் தண்ணீர் சட்டைக் கழுத்து வழியாக நுழைந்து கால்சட்டை வழியாக வெளியேறியது. ஆனால் ஒரு சொட்டுகூட துளைக்குள் விழவில்லை. இருதயம் காங்கிரீட்டில் இடித்த இடிக்கு விரிசல் விழுந்திருக்க வேண்டும். அதுவே மூன்றாவது பட்டைக்குக் காரணமாகிவிடுமோ என்று அதையும் அடக்கப் பார்த்தேன்.

ஒன்பது விரல். கையை மூடினாள். மறுபடியும் ஒன்பது.

அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கவே இல்லை.

நூறா? அணைந்துவிட்டதா? அவள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். கூப்பிட முடியாது. இறங்க முடியாது, நான் இறங்கினால் மழை உள்ளே இறங்கும். டின்சியின் குரலையாவது கேட்கலாம் என்றால் அதுவும் நின்றுவிட்டது. அயர்லாந்து, ஆஸ்பத்திரி, வெள்ளை உடுப்பு, எல்லாம் அந்தத் துளை வழியாக வெக்கையோடு வெக்கையாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஒரு கயிறு. ஒரு கை. வெங்காயம் உரிக்க அவள் இந்த முறையும் அடுக்களைக்குத்தான் போவாள், நான் எந்த முகத்தோடு உள்ளே போவேன்?

அப்போது கீழே இருந்து ஈரமான, குளிர்ந்த காற்று ஒரு இழை மேலே வந்தது. என் தாடையைத் தொட்டது. காய் உலர்த்துகிறவனுக்கு அது தெரியும். ஸ்டோர் மூச்சு விட ஆரம்பித்துவிட்டது.

டின்சி மறுபடியும் பேசினாள். பயப்பட ஒன்றுமில்லை, நான் கூடவே இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது அந்த அம்மாவுக்குச் சொன்னதுதான். எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

பிலோமி கையைத் தூக்கினாள். ஒன்பது. பிறகு நான்கு. பிறகு விரல்கள் குறைந்துகொண்டே வந்தன. எட்டும் ஒன்பதும். எட்டும் மூன்றும். ஏழும் எட்டும் காட்டியபோது விரலில் ஜெபமாலை சிக்கி, மணியெல்லாம் விரலாகி ஏழும் இருபதுமாகத் தெரிந்தது, ஒரு நொடி உயிர் போய் வந்தது.

நாலரைக்குக் கதவு திறந்தது. டின்சி வெளியே வந்து, சொட்டச் சொட்ட நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கம்பளிக்குள் இருந்த என்னைப் பார்த்தாள்.

"கடைசிப் பகுதியில திடீர்னு குளுந்துச்சு. அங்க என்னப்பா பண்ணுதீங்க?"

"மழை பாக்குதேன்."

"கம்பளியோடயா?"

பிலோமி அவளிடம் கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. பத்து நாளாகியும் சொல்லவில்லை. ஏன் கையைத் தூக்காமல் நின்றாய் என்று நான் கேட்டதற்கு, "தொண்ணூத்தொம்பதுல நின்னுச்சு. அது அசையாம நிக்கைல நான் எதுக்கு அசையணும்" என்றாள். கம்பளி இன்னும் காயவில்லை. இரவில் இருவரும் ஒரு பெட்ஷீட்டுக்குச் சண்டை போட்டோம்.

தேர்வு முடிவு வந்த அன்று கம்ப்யூட்டர் பழையபடி முன்னறைக்கு வந்திருந்தது. ரிஞ்சுவை வரவழைத்துப் பூட்டைக் கழற்றச் சொல்லியிருந்தேன். "எவ்வளவு வேகம் வைக்க?" என்றான். "எவ்வளவு இருக்கோ அவ்வளவும்" என்றேன். பெரிய பேன் ஹெலிகாப்டராக எழும்பியது. மேலே தகரத்தில் ஆயிரம் மூட்டைப் பட்டாணி. அந்த இரைச்சல் எனக்கு அப்படி ஒரு சுகமாக இருந்தது. சத்தம் இருக்கும் வரை எதுவும் வேகவில்லை என்று அர்த்தம்.

டின்சி மின்னஞ்சலைத் திறந்தாள். படித்தாள். வாய் அசைந்தது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னட்டி?" என்று பிலோமி கத்தினாள்.

டின்சி மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கையைத் தூக்கினாள். ஐந்து விரல். அங்கேயே நிறுத்தினாள், கொழுப்புப் பிடித்தவள், நான் பெற்றவள்தானே. பிறகு மற்றக் கையையும் தூக்கி இரண்டு விரலை விரித்தாள்.

ஏழு. நான் ஊரில் எட்டு என்று சொல்லிவிட்டேன்.